நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் ஓடுகிறதா? வெப்பத்தை வைத்து அளப்பது எப்படி

ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றும்போது சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ட்ரிப்ஸ் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர், அதாவது ஒரு சொட்டு 50 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர்தான் ஓடுகிறது என்றால் ஒரே ஒரு சொட்டு திரண்டு விழவே 50 நிமிடம் காத்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

இப்படிப்பட்ட ஓட்டம் அபூர்வமும் இல்லை. இன்சுலின் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள்: யூ-100 இன்சுலினில் 1 யூனிட் என்பது 10 மைக்ரோலிட்டர், மணிக்கு 1 யூனிட் வீதம் போனால் அது நிமிடத்துக்கு சுமார் 170 நானோலிட்டர். கலவையில் உள்ள பொருள்களைத் திரவ ஓட்டத்தில் பிரித்துக் காட்டும் நானோ எல்சி கருவிகளில் நிமிடத்துக்கு 300 நானோலிட்டர் சர்வசாதாரணம். மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் (மிக நுண்ணிய கால்வாய்கள் கொண்ட சிறு தட்டில்) செல் வளர்ப்பவர்கள் பல நேரம் நிமிடத்துக்கு சில மைக்ரோலிட்டரில்தான் வேலை செய்கிறார்கள். இவர்களில் நிறையப் பேர் சிரிஞ்ச் பம்பின் திரையில் வரும் எண்ணையே ஓட்டம் என்று எழுதி வைத்துவிடுகிறார்கள், அதுதான் என்னை இதை எழுத வைத்தது. பம்ப் சொல்வது அதன் மோட்டார் எவ்வளவு தள்ளியது என்பதை மட்டும்தான். குழாயின் மறுமுனையில் அவ்வளவு வந்ததா என்பதை வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

சக்கரம் சுழலும் மீட்டர் இங்கே உதவாது, இவ்வளவு மெதுவான ஓட்டத்தால் சக்கரத்தின் உராய்வைக்கூடத் தாண்ட முடியாது. மெல்லிய குழாயின் இரு முனையிலும் அழுத்த வித்தியாசத்தை அளந்து கணக்குப் போடலாம், ஆனால் நீரின் பாகுத்தன்மை டிகிரிக்கு 2 சதவீதம் மாறுகிறது, குழாய்க்குள் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். வெப்ப சென்சாரில் நகரும் பாகம் எதுவும் இல்லை, திரவத்தைத் தொடாமலே குழாய்ச் சுவருக்கு வெளியிலிருந்து அளக்கலாம், எந்தத் திசையில் ஓடுகிறது என்றும் சொல்லிவிடும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சென்சாருக்கு ஓட்டம் தெரியாது, வெப்பம் மட்டும்தான் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் வெப்பத்தையோ திரவத்தையோ நகர்த்தும் எதுவாக இருந்தாலும் அது ஓட்டமாகத்தான் திரையில் வரும். அதனால் சென்சாரைச் செய்ய ஒரு நாள் என்றால், ஜீரோவையும் (ஓட்டமே இல்லாதபோது காட்டும் அளவு) காலிபரேஷனையும் (தெரிந்த ஓட்டத்தோடு ஒப்பிட்டு அளவைச் சரிபார்ப்பது) சரிசெய்ய ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது

குழாயின் நடுவில் குட்டி ஹீட்டர், அதற்கு முன்னால், திரவம் வரும் பக்கம், ஒரு வெப்பநிலை சென்சார், பின்னால், திரவம் போகும் பக்கம், ஒன்று. திரவம் நிற்கும்போது வெப்பம் இரண்டு பக்கமும் சமமாகப் பரவும், இரண்டு சென்சாரும் ஒரே அளவைக் காட்டும். ஓட ஆரம்பித்ததும் வெப்பம் ஓட்டத்தின் திசையில் இழுபடும்: பின்னால் இருப்பது சூடாகும், முன்னால் இருப்பது குளிரும். அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. சூடான கம்பி குளிர்வதை வைத்து ஓட்டத்தைச் சொல்வது ஒன்று, ஓடும் பாய்மத்துக்குக் கம்பியிலிருந்து எவ்வளவு வெப்பம் போகும் என்ற கணக்கை எல்.வி. கிங் 1914-லேயே எழுதிவிட்டார். இன்னொன்று, ஒரு கணம் மட்டும் சூடாக்கி, அந்த வெப்பத் துடிப்பு குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. மிகச் சிறிய ஓட்டத்துக்கு இரண்டும் சிரமம், ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

1 கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் ஓடும் நீரை 1 டிகிரி சூடாக்க, அப்படியானால், சுமார் 70 மில்லிவாட். நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் என்றால் 0.7 மில்லிவாட், 1 மைக்ரோலிட்டர் என்றால் வெறும் 0.07. ஹீட்டருக்கு 30 மில்லிவாட் கொடுத்து அது சுற்றுப்புறத்தை விட 10 டிகிரி சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் ஓடும் நீரால் அதிலிருந்து எடுத்துப் போக முடிவது அதிகபட்சம் 0.7 மில்லிவாட். மீதி எல்லாம் குழாய்ச் சுவர் வழியாகவும் காற்றிலும் போய்விடுகிறது. ஹீட்டர் எவ்வளவு குளிர்ந்தது என்று பார்த்தால் 30-ல் 0.7-ஐத் தேட வேண்டும், இரு பக்க வித்தியாசத்தைப் பார்த்தாலோ பெரிய பங்கு தானே கழிந்து போய், மிச்சம் இருப்பது ஓட்டம் மட்டும்.

வெப்பத் துடிப்பு முறைக்கு வேறு தொல்லை. 0.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் என்றால் வேகம் விநாடிக்கு 0.85 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் தூரத்தைக் கடக்க மூன்றரை விநாடி, இது பரவாயில்லை. 1 மைக்ரோலிட்டருக்கு வந்தால் 35 விநாடி. அதே தூரத்துக்கு ஓட்டமே இல்லாமல் வெப்பம் தானாகப் பரவ எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆகவே துடிப்பு வந்து சேரும் முன்பே கரைந்து பரந்து போயிருக்கும். ஆகவே இரு பக்க வித்தியாச முறையையே பிடித்துக்கொள்வோம்.

வாங்குவதா, செய்வதா?

வேலை உடனே நடக்க வேண்டும் என்றால் வாங்கிவிடுங்கள். ஸ்விட்சர்லாந்தின் சென்சிரியான் நிறுவனத்தின் எஸ்எல்எஃப்3எஸ் வரிசை இதே முறையில்தான் இயங்குகிறது. ஹீட்டர், சென்சார், வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி எல்லாம் ஒரே சிப்பில் இருக்கும், ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு வழியாக ஓட்ட அளவு நேராக எண்ணாகவே வந்துவிடும், நீருக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலுக்கும் தனித்தனி காலிபரேஷன் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும், குழாயில் காற்று வந்தால் அதையும் ஒரு கொடி போட்டுச் சொல்லும்.

வாங்கும்போது தரவுத்தாளில் ஒரு வரியைக் கவனமாகப் படியுங்கள். துல்லியம் என்று இரண்டு எண் இருக்கும்: அளவீட்டில் இத்தனை சதவீதம், முழு வீச்சில் (அளக்கக்கூடிய அதிகபட்ச ஓட்டத்தில்) இத்தனை சதவீதம், இரண்டில் எது பெரியதோ அது. முழு வீச்சு 2 மில்லிலிட்டர், அதில் பிழை 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிழையே 10 மைக்ரோலிட்டர். நீங்கள் அளக்கப்போவது 5 மைக்ரோலிட்டர் என்றால் அந்தச் சென்சார் உங்களுக்கு ஆகாது. வீச்சு பெரியதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் உதவும் என்று நினைத்து வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். உங்கள் வழக்கமான ஓட்டம் வீச்சின் நடுப்பகுதியில் விழும்படி பாருங்கள்.

வாங்கினாலும் சரி, கீழே வரும் ஜீரோ, குமிழி, காலிபரேஷன் பற்றிய பகுதிகள் உங்களுக்கும் பொருந்தும். செய்து பார்க்க ஆசை இருந்தால் தொடருங்கள், செலவு குறைவு, வெப்பம் எப்படி நடந்துகொள்கிறது என்பது கையாலேயே புரிந்துவிடும்.

குழாய்: இங்கேதான் முதல் தவறு நடக்கும்

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ஊசிக் குழாய், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உறுதியானது, எளிதில் கிடைக்கும். ஆனால் ஸ்டீலின் வெப்பக் கடத்துதிறன் நீரைவிட 25 மடங்குக்கும் மேல். உள்விட்டம் 0.5, வெளிவிட்டம் 0.8 மில்லிமீட்டர் கொண்ட ஸ்டீல் குழாயில் கணக்குப் போட்டால், குழாயின் நீளவாக்கில் நிற்கும் நீர் கடத்தும் வெப்பத்தைப் போல சுமார் 40 மடங்கு வெப்பத்தைச் சுவரே கடத்துகிறது. நீர் எதையாவது இழுத்துக்கொண்டு போகும் முன்பே ஸ்டீல் அதை இரண்டு பக்கமும் சமமாகப் பரப்பிவிடும். சுவர் மிக மெல்லியதாக இருந்தால் ஸ்டீலிலும் செய்யலாம், தொழிற்சாலைக் கருவிகள் பல அப்படித்தான் இருக்கின்றன, ஆனால் வீட்டிலும் கல்லூரி ஆய்வகத்திலும் கண்ணாடிதான் சுலபம். உள்விட்டம் 0.5, வெளிவிட்டம் 0.7 உள்ள போரோசிலிகேட் கண்ணாடியில் சுவர் கடத்துவது நீரைப் போல இரண்டு மடங்குக்கும் குறைவு.

பழகிப் பார்க்க மட்டும் என்றால், ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குப் பொருள் விற்கும் கடையில் ஹிமாடோக்ரிட் கேபிலரி என்ற மெல்லிய கண்ணாடிக் குழாய் கேளுங்கள். 75 மில்லிமீட்டர் நீளம், உள்விட்டம் 1 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சிவப்புக் கோடு போட்டது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் பூசியது, உங்களுக்கு வேண்டியது நீலக் கோடு போட்ட வெறும் கண்ணாடி. நிமிடத்துக்கு சில பத்து மைக்ரோலிட்டருக்கு இது நன்றாகவே போகும், அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் உள்விட்டம் குறைய வேண்டும்.

ஹீட்டர், தெர்மிஸ்டர், மின்சுற்று

ஹீட்டருக்கு 0603 அளவு எஸ்எம்டி ரெசிஸ்டர் (போர்டின் மேல் நேராக ஒட்டும் மிகச் சிறிய வகை), 100 ஓம், போதும். 1.7 வோல்ட் கொடுத்தால் சுமார் 30 மில்லிவாட். வெப்பம் கடத்தும் எபாக்ஸியால் கண்ணாடியின் மேல் ஒட்டுங்கள், ஊசி முனையளவு பசை போதும், பசை கூடினால் அதுவே இன்னொரு குழாய்ச் சுவராக மாறிவிடும். ஹீட்டரைச் சுற்றுப்புறத்தை விட 10 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சமிக்ஞை பெரிதாகும் என்ற ஆசையில் வோல்டேஜைக் கூட்டினால் நீரில் கரைந்திருக்கும் காற்று ஹீட்டருக்கு நேர் கீழே குமிழியாக வெளிவரும், அப்புறம் அளவீடே போச்சு. செல்லோ புரதமோ இருக்கும் திரவம் என்றால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டரின் இரு பக்கமும் 2 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி ஒவ்வொரு என்டிசி தெர்மிஸ்டர் (சூடானால் தடை குறையும் சென்சார்), 10 கிலோ ஓம், மணி வடிவத்தில் கிடைப்பதில் மிகச் சிறியது. தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது முக்கியம், கீழே கட்டக் காகிதத்தை வைத்து ஒட்டினால் வேலை சுலபம். தெர்மிஸ்டரின் கம்பிகளைக் குழாயோடு ஒட்டியபடி ஒரு சென்டிமீட்டர் கொண்டுபோய்ப் பிறகு விலக்குங்கள், இல்லாவிட்டால் கம்பி வழியாகவே வெப்பம் தப்பிவிடும்.

இரண்டு தெர்மிஸ்டரையும் தொடராக இணைத்து பிரிட்ஜின் (இரண்டு கைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை அளக்கும் சுற்று) ஒரு கையாக்குங்கள், மறு கையில் 0.1 சதவீதத் துல்லியமுள்ள இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். எல்எம்4040 போன்ற, மாறாத வோல்டேஜ் தரும் 2.5 வோல்ட் ரெஃபரன்ஸிலிருந்து மின்சாரம் கொடுங்கள், மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து வேண்டாம். 10 கிலோ ஓம் என்டிசியின் தடை டிகிரிக்கு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மாறும், ஆக இரு பக்கத்துக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் பிரிட்ஜில் சுமார் 27 மில்லிவோல்ட் வரும். ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் ஏடிசியை அதன் மிகக் குறுகிய வீச்சில், அதாவது 256 மில்லிவோல்டில், வைத்தால் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட், வெப்பநிலையில் சொன்னால் 0.0003 டிகிரி. தேவைக்கு மேலேயே போதும். 24 பிட் வாங்கிச் செலவழிப்பதை விட அந்தப் பணத்தில் நல்ல பெட்டி செய்யுங்கள்.

ஆமாம், பெட்டி. சென்சாரை ஒரு சிறிய அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, குழாயைச் சுற்றி இருக்கும் இடத்தில் பஞ்சு நிரப்பி, அந்தப் பெட்டியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். அலுமினியம் இரு பக்கத்தையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும், தெர்மாகோல் வெளிக் காற்றின் அலைக்கழிப்பைத் தடுக்கும். பஞ்சு எதற்கு என்றால், ஹீட்டரைச் சுற்றி உள்ள சூடான காற்று மேலே எழும், குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மேல்பக்கத் தெர்மிஸ்டர் அதிகம் சூடாகி இல்லாத ஓட்டத்தைக் காட்டும். அதனாலேயே குழாயைக் கிடைமட்டமாக வைக்கச் சொல்வேன், காலிபரேட் செய்த பிறகு பெட்டியைச் சாய்க்கவோ திருப்பவோ கூடாது.

திரவம் வெளி வெப்பநிலையிலேயே உள்ளே நுழைவதும் பிழைதான். நுழையும் டியூபைப் பெட்டிச் சுவரோடு ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே கொண்டுவந்தால், இந்த வேகத்தில் அதற்குள் திரவம் பெட்டியின் வெப்பநிலைக்கு வந்துவிடும்.

குழாய்வழியும் குமிழியும்

குமிழி இரண்டு விதத்தில் கெடுதல் செய்யும். சென்சாருக்குள் வந்தால் நீரின் இடத்தில் காற்று, அளவு தாறுமாறாகக் குதிக்கும், அதையாவது பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். சென்சாருக்கு முன்னால் எங்காவது மூலையில் ஒளிந்திருக்கும் குமிழிதான் மோசமானது, அது ஸ்பிரிங் போல அமுங்கி விரியும். 0.1 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூப் 1 மீட்டர் நீளம், அதற்கு முன்னால் 10 மைக்ரோலிட்டர் குமிழி என்று வைத்துக்கொள்ளுங்கள், பம்பை மாற்றியதும் ஓட்டம் புது நிலையை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரவே சுமார் 40 விநாடி இழுக்கும், முழுதாக அடங்க மூன்று நான்கு நிமிடம். சென்சார் மெதுவாக இருக்கிறது என்று அதைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள், அல்லது பெரிய சிரிஞ்சில் எடுத்து முனையை மூடிப் பிஸ்டனை இழுத்துப் பிடித்தால் கரைந்த காற்று வெளியே வரும். குழாய்வழியை நிரப்பும்போது முதலில் வேகமாக ஓட்டி எல்லா மூலையையும் தட்டி விடுங்கள். சிலிக்கான் டியூபை இணைப்புக்குச் சின்னத் துண்டாக மட்டும் வையுங்கள், அது மிருதுவானது, காற்றும் அதன் வழியே ஊடுருவும்.

சிரிஞ்ச் பம்பில் இன்னொன்று. ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும் திருகு, மோட்டார் சுற்றுக்கு 3200 மைக்ரோஸ்டெப் (சிறு சிறு நகர்வு) என்றால், 10 மில்லிலிட்டர் சிரிஞ்சில் ஒரு ஸ்டெப்புக்கு சுமார் 0.05 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் போக 3 விநாடிக்கு ஒரு முறைதான் அது நகரும், நல்ல வெப்ப சென்சார் அந்த ஒவ்வொரு தட்டலையும் காட்டும். 1 மில்லிலிட்டர் சிரிஞ்சுக்கு மாறினால் தட்டல் பத்தில் ஒன்றாகும். ரப்பர் பிஸ்டன் ஒட்டி ஒட்டி நகர்வதால் கண்ணாடி சிரிஞ்ச் நல்லது.

தட்டலே இல்லாத ஓட்டம் வேண்டுமா? புவியீர்ப்பை விட நம்பகமான பம்ப் கிடையாது. நீர்ப் பாட்டிலை 50 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, 0.1 மில்லிமீட்டர் உள்விட்டம், 1 மீட்டர் நீளமுள்ள டியூப் வழியாக விட்டால் 20 டிகிரியில் நிமிடத்துக்கு சுமார் 0.7 மைக்ரோலிட்டர், 30 டிகிரியில் சுமார் 0.9. நாள் முழுக்க ஓடினாலும் பாட்டிலின் நீர்மட்டம் இறங்கியது கண்ணுக்குத் தெரியாது. உயரத்தை மாற்றினால் ஓட்டம் அதே விகிதத்தில் மாறும்.

ஜீரோ

பம்பை நிறுத்திவிட்டால் ஓட்டம் ஜீரோ என்று நினைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய பிழை. 0.25 மில்லிமீட்டர் டியூப் 1 மீட்டர், இரு முனைக்கும் 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசம், அவ்வளவுதான், நிமிடத்துக்கு சுமார் 6 மைக்ரோலிட்டர் தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஜீரோ பார்க்கும்போது குழாயில் திரவம் நிறைந்திருக்க, சென்சாரின் இரண்டு பக்கமும் வால்வை மூடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கத்தில் இருக்கும் குமிழியும் வெப்ப விரிவும் திரவத்தை அசைத்துக்கொண்டே இருக்கும். வால்வை மூடும் செயலே கொஞ்சம் திரவத்தைத் தள்ளும், அதனால் 10 நிமிடம் விட்டுப் பிறகு பாருங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை ஓட்டம் மேலும் கீழுமாக ஒரே சீராக ஊசலாடிக்கொண்டே இருந்தது. மின்சுற்றை இரண்டு முறை மாற்றினோம், தெர்மிஸ்டரைப் பிரித்து ஒட்டினோம், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால் ஏசியின் கம்ப்ரஸர் ஓடி நிற்கும் நேரமும் அந்த ஊசலும் ஒன்றோடொன்று பொருந்தின. சென்சார் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே திரவம் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது: 10 மில்லிலிட்டர் சிரிஞ்சில் உள்ள நீர் 1 டிகிரி சூடானால் சுமார் 3 மைக்ரோலிட்டர் விரிகிறது, 10 நிமிடத்தில் அது நடந்தால் நிமிடத்துக்கு 0.3 மைக்ரோலிட்டர். நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஓட்டமே 1 மைக்ரோலிட்டர்தான். சிரிஞ்சை 1 மில்லிலிட்டருக்கு மாற்றி, பம்பையும் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, ஏசியை அணைத்துவிட்டு அளந்தோம், அடங்கிவிட்டது. அன்றிலிருந்து சிரிஞ்ச், டியூப், சென்சார் மூன்றையும் ஒரே வெப்பச் சூழலுக்குள் வைப்பதை நான் விட்டதே இல்லை.

மின்சுற்றின் ஜீரோ வேறு விஷயம். இரண்டு தெர்மிஸ்டருக்குள் 1 சதவீதம் வேறுபாடு இருந்தாலே கால் டிகிரி பொய் வித்தியாசம் வரும், அதுவும் அறை வெப்பநிலையோடு மாறும். இதற்கு எளிய மருந்து, ஹீட்டரை அணைத்து ஒரு முறை, போட்டு ஒரு முறை அளந்து கழித்துவிடுவது. அணைத்தபோது வருவதெல்லாம் மின்சுற்றின் கோளாறு, கழித்தால் மீதி ஹீட்டரின் வெப்பத்தால் வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் அரை நிமிடம் ஒரு நிமிடம் கூடுதலாகும், மெதுவான ஓட்டத்துக்கு அதனால் நஷ்டம் இல்லை.

காலிபரேஷன்: தராசை நம்புங்கள்

0.1 மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தால் அதுவே உங்கள் நீதிபதி. 0.1 மில்லிகிராம் நீர் என்பது 0.1 மைக்ரோலிட்டர். சென்சாரைத் தாண்டி வரும் டியூபின் முனையைத் தராசின் மேல் உள்ள குப்பிக்குள் விடுங்கள், முனை நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், குப்பியின் சுவரைத் தொடக் கூடாது. முனை மேலே தொங்கினால் நீர் சொட்டாகத்தான் விழும், 50 நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் கதைதான். ஒவ்வொரு சொட்டும் முனையில் தொங்கும்போது அதன் அழுத்தம் மாறி ஓட்டத்தையும் ஆட்டிவைக்கும்.

பெரிய எதிரி ஆவியாதல். சிறிய குப்பியின் வாய் வழியாகவே மணிக்குப் பல மில்லிகிராம் போகலாம், நீங்கள் அளக்கும் 1 மைக்ரோலிட்டர் ஓட்டமோ மணிக்கு மொத்தமே 60 மில்லிகிராம். நீரின் மேல் சில மில்லிமீட்டர் பாரஃபின் எண்ணெய் ஊற்றி, டியூப் முனையை எண்ணெய்க்குக் கீழே நீரில் வையுங்கள். அப்படியும் ஓட்டமில்லாமல் ஒரு மணி நேரம் தராசை ஓடவிட்டு எடை குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் அந்த வீதத்தைக் கணக்கில் கூட்டுங்கள். தராசின் கண்ணாடிக் கதவு மூடியிருக்க வேண்டும், டியூப் நுழையச் சின்ன இடைவெளி போதும். மின்விசிறி அறவே கூடாது.

முதல் எடை, கடைசி எடை இரண்டை மட்டும் எடுத்துக் கழிக்காதீர்கள். 10 விநாடிக்கு ஒரு முறை எடையைப் பதிவு செய்து, நேரத்துக்கு எதிராக வரைந்து, நேர்கோட்டின் சாய்வை எடுங்கள். கோடு வளைந்திருந்தால் ஓட்டம் இன்னும் அடங்கவில்லை என்று அதுவே சொல்லிவிடும். 10 மைக்ரோலிட்டருக்கு 10 நிமிடம், 1 மைக்ரோலிட்டருக்கு அரை மணியாவது வேண்டும். எடையை அளவாக மாற்றும்போது 30 டிகிரியில் நீரின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.9957 கிராம், காற்றின் மிதப்புத் திருத்தம் 0.1 சதவீதம், இரண்டும் சேர்ந்து அரை சதவீதம். உங்கள் சென்சார் 3 சதவீதத்துக்குள் இருந்தால் இதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம்.

தராசு இல்லையா? கவலையே வேண்டாம். உள்விட்டம் தெரிந்த கண்ணாடிக் குழாயை அளவுகோலின் மேல் கிடைமட்டமாக ஒட்டி, சென்சாரிலிருந்து வரும் நீரை அதற்குள் விட்டு, நீரின் விளிம்பு நகர்வதை ஃபோன் கேமராவால் நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். 0.5 மில்லிமீட்டர் குழாயில் 1 மைக்ரோலிட்டர் என்பது 5 மில்லிமீட்டர் நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். விட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், அதில் 2 சதவீதம் தவறினால் ஓட்டத்தில் 4 சதவீதம் தவறும். அதனால் கடைக்காரர் சொன்ன விட்டத்தை எடுக்காமல், நீர் நிரப்பிய குழாயை ஏதாவது கல்லூரித் தராசில் ஒரே ஒரு முறை எடைபோட்டு நீங்களே கண்டுபிடியுங்கள். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும், தராசை விட ஆவியாதலும் குறைவு.

பூஜ்யத்திலிருந்து ஏறுமுகமாக ஏழெட்டு அளவுகள், பிறகு அதே அளவுகள் இறங்குமுகமாக, பிறகு குழாயை மாற்றி எதிர்த்திசையில். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சமிக்ஞை வரவில்லை என்றால் எங்கோ குமிழி இருக்கிறது அல்லது பெட்டி இன்னும் சூடேறிக்கொண்டிருக்கிறது, ஹீட்டரைப் போட்டு ஒரு மணி நேரமாவது ஆன பிறகே தொடங்குங்கள்.

வரைந்து பார்த்தால் ஆரம்பத்தில் நேர்கோடு, பிறகு சரிந்து ஓர் உச்சி, அதற்கப்புறம் கீழே இறங்கும். ஏனென்றால் ஓட்டம் கூடக்கூட ஹீட்டரே குளிர்ந்துவிடுகிறது, பின்னால் இருக்கும் தெர்மிஸ்டருக்குச் சூடு போய்ச் சேருவதில்லை. ஒரே சமிக்ஞைக்கு இரண்டு ஓட்டம் இருக்கலாம் என்பதுதான் இதன் ஆபத்து. உச்சியில் எழுபது சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், பெரிய ஓட்டம் வேண்டுமானால் பெரிய குழாயில் இன்னொரு சென்சார் செய்யுங்கள். நிரப்பும்போது வேகமாக ஓட்டுகிற நேரத்தில் திரையில் வரும் எண்ணையும் பொருட்படுத்த வேண்டாம்.

வேறு திரவம்

நீரில் காலிபரேட் செய்ததை ஆல்கஹாலுக்கு அப்படியே பயன்படுத்தினால் பெரிய பிழை வரும். ஒரே கன அளவுக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் எடுத்துச் செல்லும் வெப்பம் நீரில் பாதிதான், கடத்துதிறனோ நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டும் வேறு வேறு விதமாகச் சமிக்ஞையை மாற்றுவதால் ஒரு பெருக்கு எண் போட்டுச் சமாளிக்க முடியாது, அந்தத் திரவத்திலேயே மறுபடி காலிபரேட் செய்ய வேண்டும். 0.9 சதவீத உப்பு நீர் நீருக்கு மிக அருகில் இருக்கும். கிளிசரால் கலந்தால், செறிவு மாறும் ஒவ்வொரு முறையும் வேலை மறுபடி. ஓடும்போதே கலவை மாறுகிற எல்சி கிரேடியன்ட் போன்ற இடத்தில் வெப்ப சென்சாரைத் தனியாக நம்பாதீர்கள்.

தினமும் வேலை தொடங்கும்போது ஹீட்டரைப் போட்டுவிட்டு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள், ஒரு மணி நேரம் கழித்து இரண்டு வால்வையும் மூடி ஜீரோ, பிறகு பாட்டிலை ஒரே உயரத்தில் வைத்து அந்த ஒரு அளவு மட்டும். அறை வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், ஏனென்றால் பாட்டில் தரும் ஓட்டமே டிகிரிக்கு 2 சதவீதம் மாறும். அதைக் கழித்த பிறகும் நேற்றைய எண்ணிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் முதலில் குமிழி, அடுத்து அடைப்பு, அப்புறம் ஒட்டிய தெர்மிஸ்டர் தளர்ந்திருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். புரதம் ஓடிய நாளில் வேலை முடிந்ததும் சோப்பு நீர், பிறகு நல்ல நீர் விட்டுக் கழுவி, குழாயை நிரப்பியே மூடி வையுங்கள், காயவிட்டால் மறுநாள் காலையில் குமிழியைத் துரத்துவதிலேயே பொழுது போய்விடும்.